நிழற்குடை ஒட்டப்படாமல் இருந்த நூற்றுப்பத்து நாள்

செவல்குடியின் பேருந்து நிழற்குடை ஐப்பசி இருபத்தெட்டாம் தேதி காலை பதினொன்று பத்துக்கு, நான்கு தூணும், சிமெண்ட் பெஞ்சும், கூரையில் தேங்கி நின்ற முந்தின நாள் மழைத்தண்ணீரும், தூணில் கட்டியிருந்த மாடத்தியின் சினை ஆடும், பெஞ்சில் பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்த சங்கரவடிவும் உட்பட, அவள் புருஷன் கோமதிநாயகத்தின் கணினிக்குள் போயிற்று. போன விதத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. சத்தமில்லை, புழுதியில்லை. சுற்றிலும் ஈரமாகக் கிடந்த சாலையோரத்தில் நிழற்குடையின் அளவுக்கு ஒரு செவ்வகம் மட்டும் காய்ந்த மண்ணாகத் தெரிந்தது, கொஞ்ச நேரத்தில் அதன்மேலும் தூறல் விழுந்தது, அவ்வளவுதான்.

நாயகத்தைப் பற்றிச் செவல்குடியில் யாரைக் கேட்டாலும் முதலில் கெட்டிக்காரன் என்பார்கள், அடுத்த மூச்சில் ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாதவன் என்பார்கள். நிழற்குடைக்கு நேர் எதிரே இணையச் சேவை மையம் வைத்திருந்தான். காலையில் நாற்காலியில் உட்கார்ந்தால் விளக்கு வைக்கும் நேரத்தில்தான் எழுந்திருப்பான், ஆனாலும் ஊர் சொன்னது சரிதான், ஏனென்றால் அந்த நாற்காலியில் இருந்தபடியே அவன் வருஷத்துக்கு ஏழு எழுத்து மென்பொருள் மாறினான், நான்கு தடவை இயங்குதளத்தை அழித்துவிட்டு வேறொன்றைப் போட்டான், நாள்காட்டிக்கு ஒன்று, குறிப்பெடுக்க ஒன்று, எடுத்த குறிப்பைத் தேட ஒன்று என்று தினமும் எதையாவது இறக்கிக்கொண்டே இருந்தான். வருமானச் சான்றிதழுக்கு விண்ணப்பம் போட வந்தவர்கள் அவன் திரையின் நிறத்தை மாற்றி முடிக்கும்வரை பெஞ்சில் காத்திருந்தார்கள். புதிதாக எது வந்தாலும் முதல் மூன்று நாள் இதுபோல உலகத்தில் இல்லை என்பான், நாலாம் நாள் முகத்தைச் சுளிப்பான், ஐந்தாம் நாள் அது இருந்த இடம் தெரியாது. இதையெல்லாம் 'இன்றைய கருவி' என்ற தலைப்பில் இணையத்தில் நாள் தவறாமல் எழுதினான். பதினோரு பேர் படித்தார்கள், அதில் இரண்டு பேர் அவனைத் திட்டுவதற்காகவே படித்தார்கள்.

சங்கரவடிவு வீட்டில் தையல் மெஷின் போட்டு ஜாக்கெட் தைத்தாள். அறுபத்து மூன்று பெண்களின் அளவுகளை நாற்பது பக்க நோட்டில் பென்சிலால் எழுதி வைத்திருந்தாள். யாருக்குக் கை இறக்கம் எவ்வளவு, யாருக்கு முதுகுப் பக்கம் தாராளமாக விட வேண்டும், யார் போன வருஷத்தைவிட இளைத்துவிட்டார்கள் எல்லாம் அதில் இருந்தது. நாயகத்துக்கு அந்த நோட்டைப் பார்க்கும்போதெல்லாம் கை அரித்தது. ஒருநாள் அவளிடம் கெஞ்சி வாங்கி எல்லாவற்றையும் ஒரு செயலியில் ஏற்றினான், அடுத்த மாதம் அதைவிட நல்லது என்று வேறொன்றுக்கு மாற்றினான், அதற்கடுத்த மாதம் இன்னொன்று. மூன்றாவது செயலி தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது சேவையை நிறுத்திக்கொண்டது, நோட்டோ அதற்கு முன்பே பழைய பேப்பரோடு போயிருந்தது. அந்தத் தீபாவளிக்குச் செவல்குடியில் பாதிப் பெண்கள் கையைத் தூக்க முடியாத ஜாக்கெட்டோடு நடந்தார்கள். வடிவு சண்டை போடவில்லை. பண்டிகை முடிந்து எல்லார் ஜாக்கெட்டையும் பிரித்துத் தைத்துக் கொடுத்துவிட்டு, சேத்தூரில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குக் கிளம்பினாள். கிளம்புமுன் மையத்தின் வாசலில் நின்று போயிட்டு வாரேன் என்றாள். நாயகம் திரையிலிருந்து தலையை எடுக்காமல் 'ம்' என்றான்.

அவன் தலையை எடுக்காததற்குக் காரணம் இருந்தது. பேரூராட்சித் தலைவர் திரவியம் அவன் தோளுக்குப் பின்னால் நின்றார். சாலையை அகலப்படுத்தப் போகிறார்கள், நிழற்குடையை நகர்த்தியாக வேண்டும், வடக்குத் தெருக்காரர்கள் தங்கள் முக்குக்கு வேண்டும் என்கிறார்கள், தெற்குத் தெருக்காரர்கள் எங்கள் முக்கில் வைக்காவிட்டால் மறியல் என்கிறார்கள். அதனால் ஊர் முழுவதையும் வரைபடமாக வரைந்து தரச் சொல்லியிருந்தார். நாயகம் அந்த வரைபடத்தைப் பழகிய மென்பொருளில் வரைந்திருக்கலாம். ஆனால் மூன்று நாள் முன்பு புதிதாக ஒன்று அவன் கண்ணில் பட்டிருந்தது, எங்கோ தூர தேசத்தில் ஒரே ஒரு ஆள் தனியாக எழுதி இலவசமாகக் கொடுத்தது, இறகு மாதிரி லேசானது, தேவையில்லாத ஒரு பொத்தான் கிடையாது. செய்ததைத் திரும்பப் பெறும் வசதிகூடக் கிடையாது, அடுத்த பதிப்பில் வரும் என்று போட்டிருந்தது. அது நாயகத்துக்குப் பிடித்திருந்தது. தப்புச் செய்யாதவனுக்கு அது எதற்கு என்று அன்று காலைக் குறிப்பில் எழுதியும் இருந்தான்.

தலைவர் நிழற்குடையைக் கொஞ்சம் வடக்கே தள்ளிக் காட்டு, எப்படி இருக்கிறதென்று பார்ப்போம் என்றார். வேறு யாராக இருந்தாலும் மவுஸால் பிடித்து இழுத்திருப்பார்கள், அது இங்கிருந்து அங்கே போயிருக்கும், கதையும் முடிந்திருக்கும். நாயகம் மவுஸைத் தொடுவதைக் கேவலமாக நினைப்பவன். கீபோர்டிலேயே எல்லாவற்றையும் முடிக்கிறவன்தான் ஆள் என்பது அவன் கட்சி. எனவே நிழற்குடையைத் தேர்ந்தெடுத்து, இரண்டு விரலால் ஒரே தட்டில் வெட்டினான். படத்தில் நிழற்குடை மறைந்தது. பத்து நிமிஷம் கழித்து, சேத்தூர் வழியாகப் போகும் ராஜபாளையம் பேருந்து வந்தபோது ஓட்டுநருக்கு எங்கே நிறுத்துவதென்று தெரியவில்லை, நடத்துநர் இறங்கி நேராக மையத்துக்கு வந்து நிழற்குடையை எங்கே எடுத்து வைத்தீர்கள் என்று விசாரித்தார். மூன்று பேரும் வெளியே வந்து அந்தச் செவ்வகத்தைப் பார்த்தார்கள், பிறகு உள்ளே வந்து திரையைப் பார்த்தார்கள், விஷயம் புரிந்துவிட்டது.

தலைவருக்கு வாயெல்லாம் பல். அப்படியே வடக்கு முக்கில் ஒட்டிவிடு என்றார், ஏனென்றால் அவர் வடக்குத் தெரு. அதற்குள் தெற்குத் தெருவில் பாதி மையத்தின் வாசலில் நின்றது. நாயகத்துக்கு வேறொரு கவலை தட்டியது. ஒட்டினால் எங்கே விழும் என்று அவனுக்குத் தெரியாது. வெட்டிய பொருள் இப்போது கணினியின் கையில் இருக்கிறது. அந்தக் கை ஒரு நேரத்தில் ஒரு பொருளைத்தான் பிடிக்கும். சோதித்துப் பார்ப்பதற்காக வேறு எதையாவது வெட்டினாலோ நகலெடுத்தாலோ கையில் இருப்பது நழுவிப் போய்விடும், மென்பொருளை மூடினால் போய்விடும், கரண்ட் போனால் போய்விடும். முன்பெல்லாம் பழைய நகல்களையும் சேர்த்து ஞாபகம் வைத்துக்கொள்ளும் துணை மென்பொருள் ஒன்று வைத்திருந்தான், அநாவசியக் கனம் என்று போன மாதம்தான் அதையும் நீக்கியிருந்தான்.

வாடிக்கையாளருக்கென்று வைத்திருந்த இரண்டாவது கணினியில் அதே மென்பொருளையும் அதே வரைபடத்தையும் போட்டு அன்று மத்தியானம் நாற்பது தடவை வெட்டி ஒட்டிப் பார்த்தான். அந்தக் கணினிக்கு ஊர் கட்டுப்படவில்லை, அதில் என்ன செய்தாலும் வெளியே ஒரு கல்லும் அசையவில்லை. முப்பத்தொரு தடவை, காட்டிய இடத்தில் ஒழுங்காக வந்து விழுந்தது. ஒன்பது தடவை மட்டும், என்ன காரணமோ, படம் வரையத் தொடங்கும்போது முதல் புள்ளி வைத்த இடத்துக்கு ஓடியது. செவல்குடிக்காரன் யாரும் ஊருக்கு வழி சொன்னால் பெரியகுளத்திலிருந்துதான் தொடங்குவான், நாயகமும் முதல் புள்ளியைக் குளத்தின் நட்டநடுவில்தான் வைத்திருந்தான். அந்த வருஷம் ஐப்பசி அடைமழையில் குளம் நிரம்பி மறுகால் பாய்ந்துகொண்டிருந்தது, நடுவில் மூன்று ஆள் ஆழம்.

இதை அவன் வெளியே வந்து சொன்னபோது பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஜெபராணி முகம் மாறிப் போனாள். ஜெபராணி நறுக்கென்று பேசுகிறவள், தயங்கிப் பேசி ஊர் பார்த்ததில்லை. அன்று தயங்கினாள்.

"அண்ணாச்சி, வடிவு அதுக்குள்ளதான் உக்காந்திருந்தா. சேத்தூர் பஸ்ஸுக்கு. நான்தான் பாத்தேன்."

நாயகம் உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டான். அவன் கைகள் அப்படிச் சும்மா இருந்ததை அதுவரை யாரும் கண்டதில்லை. அவனுக்குப் பயமாக இருந்தது. காலையில் அவள் என்ன நிறத்தில் சேலை கட்டியிருந்தாள் என்று யோசித்துப் பார்த்தான், ஞாபகம் வரவில்லை, அவன் திரும்பிப் பார்த்திருந்தால்தானே வருவதற்கு.

ஊர் ஒரு முடிவுக்கு வர அதிக நேரம் எடுக்கவில்லை. நாற்பதில் ஒன்பது என்பது கொஞ்சமில்லை, அதுவும் நீச்சல் தெரியாத பெண், கூடவே சிமெண்ட் கூரை. மடையைத் திறந்து குளத்தை வடித்துவிடலாமா என்று நாயகம் கேட்டான். மடை திறக்கும் பொறுப்பிலிருந்த பலவேசம் கரையில் நின்று குளத்துக்குக் கீழே பச்சை கட்டியிருந்த நெல்வயல்களைக் காட்டி, இதை எப்படிய்யா நான் செய்ய என்றார், அவர் கண் கலங்கியிருந்ததால் நாயகம் இரண்டாம் தடவை கேட்கவில்லை. அப்படியானால் குளம் தானாக வற்றும்வரை காத்திருப்பது, சித்திரைக்குள் வற்றிவிடும், அதுவரை கணினி அணையாமல் பார்த்துக்கொள்வது ஊரின் பொறுப்பு, நிழற்குடை எந்தத் தெருவுக்கு என்பதைச் சித்திரையில் பேசிக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. தையல்காரி இல்லாத பொங்கல் வரப்போகிறதே என்று மட்டும் பெண்கள் முணுமுணுத்தார்கள்.

அன்றிலிருந்து செவல்குடி ஒரு கணினியைப் பிள்ளைத்தாய்ச்சியைப் பார்ப்பதுபோலப் பார்க்கத் தொடங்கியது. மாவு மில் காலையில் இரண்டு மணி நேரம் மட்டும் ஓடியது, வீட்டு கிரைண்டர்கள் தெருவுக்கு ஒரு நேரமென்று பிரித்துக்கொண்டன, மின்வாரிய லைன்மேன் கம்பத்தில் ஏறுமுன் மையத்துக்கு வந்து சொல்லிவிட்டு ஏறினார், கரண்ட் போனால் தாங்குவதற்கு இன்வெர்ட்டர், இன்வெர்ட்டர் தாங்காவிட்டால் டிராக்டர் பேட்டரிகள் என்று வாசலில் வரிசையாகக் காத்து நின்றன, கோவில் கொடைத் திருவிழாவுக்கு மைக்செட் போட்டவர் தன் ஜெனரேட்டரைத் தவிர வேறு எதிலும் வயரைச் சொருகமாட்டேன் என்று கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் செய்தார். நாயகத்தின் கணினி சொல்லாமல் கொள்ளாமல் தன்னைத் தானே அணைத்து எழுப்பிக்கொள்ளும் ரகமல்ல, அவன் பைத்தியமாக அலைந்து தேடிப் போட்ட லினக்ஸ், கேட்காமல் எதையும் செய்யாது. இத்தனை வருஷத்தில் அவன் பைத்தியத்தை ஊர் மெச்சியது அந்த ஒரு விஷயத்துக்குத்தான்.

பேருந்துகள் பழைய இடத்திலேயே நின்றன. மழையானால் ஜனங்கள் அந்தச் செவ்வகத்துக்குள் ஒடுங்கி நின்று நனைந்தார்கள், வெளியே நின்று நனைவதைவிட அது பரவாயில்லை என்று ஏனோ அவர்களுக்குத் தோன்றியது. பெஞ்சில் வடிவு உட்கார்ந்திருந்த, இடதுபுறமிருந்து மூன்றாவது இடம் எங்கே இருந்திருக்குமோ அங்கே மட்டும் யாரும் நிற்கவில்லை. பதினொன்று இருபது வண்டியின் ஓட்டுநர் அந்த இடத்தைப் பார்த்து இரண்டு தடவை ஹாரன் அடித்துவிட்டுத்தான் எடுத்தார். மாடத்தி தினமும் காலையில் மையத்தின் படியில் வந்து உட்கார்ந்து, ஆட்டுக்கு நாள் நெருங்கிவிட்டதே தம்பி, உள்ளே குட்டி போட்டால் ஒன்றா இரண்டா என்று எப்படித் தெரியும் என்று கேட்டாள். உள்ளே நேரம் ஓடுகிறதா இல்லையா என்று நாயகத்துக்கே தெரியவில்லை. சேத்தூரிலிருந்து வடிவின் அண்ணன் வந்து திரையை நெடுநேரம் முறைத்துப் பார்த்துவிட்டு, என் தங்கச்சி ஒரு மாசமாக எதுவும் சாப்பிடாமல் இருக்கிறாளே என்று சொல்லிவிட்டு அழுதுகொண்டே போனார்.

நாயகத்தின் கதைதான் பெரிய கதை. ஒரு மென்பொருளில் மூன்று நாளுக்கு மேல் தங்காதவன் இப்போது அந்த ஒரே ஜன்னலின் முன்னால் ஒரே வரைபடத்தைப் பார்த்தபடி எதையும் தொடாமல் இருக்க வேண்டும். அவன் விரல்களோ இருபது வருஷமாக நாளைக்கு ஐந்நூறு தடவை நகலெடுத்துப் பழகியவை, அவனைக் கேட்காமலே போய் அந்த இடத்தில் நிற்கும். மூன்றாம் நாள் காலையில் காப்பி குடித்துக்கொண்டே கை அதுவாகக் கீபோர்டுக்குப் போனதை ஜெபராணி பார்த்துவிட்டாள். தன் கடையிலிருந்து கத்திரிக்கோலைக் கொண்டுவந்து நகலெடுக்கும் பொத்தானையும் வெட்டும் பொத்தானையும் நெம்பி எடுத்து, குண்டூசி டப்பாவில் போட்டு மூடி, தன் இடுப்பில் சொருகிக்கொண்டாள். ஒட்டும் பொத்தானை மட்டும் விட்டுவைத்தாள். அந்த இரண்டு பள்ளத்தையும் பார்க்கும்போது நாயகத்துக்குப் பல் விழுந்த வாய் ஞாபகம் வந்தது.

கணினியைத் தொட்டு இணையத்தில் எழுத முடியாதபடியால் 'இன்றைய கருவி'யைக் காகிதத்தில் எழுதினான். ஒருநாள் எழுதினான்: வெட்டுகிறவனின் கையில் ஒரு பொருளுக்குத்தான் இடம் என்று எவனோ முதன்முதலில் முடிவு செய்தபோது, ஒன்றைத் தூக்கியவன் அதை வைத்துவிட்டுத்தான் அடுத்ததைத் தூக்குவான் என்று நம்பியிருக்கிறான், பாவம். இன்னொரு நாள்: நான் மாற்றிய எந்தக் கருவியும் கெட்டுப்போனதால் மாற்றியதில்லை. இன்னொரு நாள் ஒரே வரி: அவள் நோட்டில் பென்சிலால் எழுதியிருந்ததை அழித்துத் திருத்த முடியும், ஆனால் அது எங்கேயும் போகாது. அந்தப் பதினோரு வாசகர்களில் திட்டுவதற்காகப் படித்த இருவரும்தான் முதலில் போன் செய்து, ஏன் எழுதவில்லை, உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார்கள்.

கணினியைத் தனியே விடக்கூடாதென்று பெண்கள் முறை வைத்து வந்து காவலிருந்தார்கள். வந்தவர்கள் சும்மா இருக்காமல், எப்படியும் வடிவு வந்ததும் அளவு கொடுக்க வேண்டுமே என்று பேச்சை எடுத்தார்கள். நாயகம் நாற்பது பக்க நோட்டு ஒன்றும் பென்சிலும் வாங்கி வரச் சொன்னான். ஜெபராணி டேப்பைப் பிடித்து அளந்து சொல்ல, அவன் திரையிலிருந்து பார்வையை எடுக்காமல், பெண்களுக்கு முதுகைக் காட்டியபடி எழுதினான். தை பிறப்பதற்குள் அறுபத்து மூன்று பேரும் எழுதி முடிந்தது. எழுதும்போது அவனுக்குத் தோன்றியது, இத்தனை பேரின் கையும் கழுத்தும் அவள் மனசில் இருந்திருக்கிறது, நானோ வாசலில் நின்ற ஒரே ஆளைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லையே என்று.

மென்பொருளை எழுதிய தூர தேசத்து ஆளுக்கு நாயகம் முதல் வாரமே போனிலிருந்து கடிதம் போட்டிருந்தான், ஒட்டினால் எங்கே விழும் என்று. மார்கழியில் பதில் வந்தது. அதைத் தொட்டு இரண்டு வருஷமாயிற்று, ஞாபகமில்லை, நீங்களே செய்து பார்த்து எனக்கும் சொல்லுங்கள், மூல நிரல் முழுவதும் பொதுவில்தான் இருக்கிறது என்று எழுதியிருந்தது. நாயகம் தன் வாழ்நாளில் நூற்றுக்கணக்கான மென்பொருளை இறக்கியிருக்கிறான், ஒன்றின் நிரலையும் முழுதாகப் படித்ததில்லை. முதல் பக்கம் பார்ப்பான், நடை பிடிக்காது, அடுத்ததற்குப் போய்விடுவான். இப்போது போவதற்கு இடமில்லை. ஜெபராணி தன் கடையில் ஐந்நூற்றுச் சொச்சம் பக்கம் அச்செடுத்துத் தந்தாள், அவன் மடியில் வைத்து முதல் வரியிலிருந்து படித்தான், புரியாததை மறுபடி படித்தான், தை முழுக்கப் படித்தான், மாசியிலும் படித்தான். வெளியே அறுப்பு நடந்தது, குளம் பாதி இறங்கியது, நடுவில் இன்னும் ஒன்றரை ஆள் ஆழம் என்று பலவேசம் கம்பை ஊன்றிப் பார்த்து வந்து சொன்னார்.

நானூற்று இருபதாவது பக்கத்தில் அது இருந்தது. ஆறே வரி. ஒட்டச் சொல்லும்போது திரையில் தெரியும் சுட்டி ஓரிடத்தில் நிலைத்து நிற்கிறதா என்று மென்பொருள் பார்க்கிறது. மூன்று எண்ணும் நேரம் அசையாமல் நின்றிருந்தால், இவன் காட்டுகிற இடம் இதுதான் என்று எடுத்துக்கொள்கிறது. அசைந்துகொண்டே இருந்தால், இவனுக்கே எங்கே என்று தெரியவில்லை போலும் என்று முதல் புள்ளிக்குப் போய்விடுகிறது. மென்பொருளில் ஒரு பழுதும் இல்லை. அந்த ஒன்பது தடவையும் அவன் கைதான் பொறுக்காமல் நகர்ந்திருக்கிறது.

நாயகத்துக்கு அவமானமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. பிறகு இரண்டாவது கணினிக்குப் போய்ப் பழகினான். சுட்டியைக் கொண்டுபோய் வைத்து, கையை எடுக்காமல், ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி, அதன்பிறகு ஒட்டினான். முதல் நாள் நூறில் எண்பது, இரண்டாம் நாள் நூறில் தொண்ணூற்றைந்து. ஏழாம் நாள் நூற்றுக்கு நூறு விழுந்ததும் தலைவரைக் கூப்பிட்டு, குளம் வற்றக் காத்திருக்க வேண்டாம், நாளைக்கு ஒட்டுகிறேன் என்றான்.

தலைவர் மறுபடி வடக்குத் தெரு என்று தொடங்கினார், தெற்குத் தெருவும் மறுபடி கிளம்பியது. ஆனால் நூற்றுப்பத்து நாள் ஒரே செவ்வகத்தில் சேர்ந்து நின்று நனைந்தவர்களுக்கு முன்போலக் கோபம் வரவில்லை, கடைசியில் நாயகம் பார்த்துச் செய்யட்டும் என்று விட்டுவிட்டார்கள். அப்போது ஜெபராணி அவனைத் தனியாகக் கூப்பிட்டு, இத்தனை நாள் பட்டது போதும், பேசாமல் உங்கள் வீட்டு வாசலிலேயே ஒட்டிவிடுங்கள், எழுந்தால் அவள் வீட்டுப் படிதான், ஊர் கேட்டால் கை நழுவிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம் என்றாள். நாயகம் அதை நினைக்காமலில்லை. ஏழு நாளும் அதைத்தான் நினைத்திருந்தான்.

"அவ பஸ்ஸுக்கு உக்காந்திருக்கா, ஜெபராணி" என்றான்.

மாசி இருபதாம் தேதி காலை பதினோரு மணிக்கு மில் நின்றது, கிரைண்டர்கள் நின்றன, செவ்வகத்தில் ஒரு சருகுகூட இல்லாமல் கூட்டிவிட்டுச் சனங்கள் சாலையின் அந்தப் பக்கம் ஒதுங்கினார்கள். பலவேசமும் நீந்தத் தெரிந்த நாலு பேரும் எதற்கும் இருக்கட்டும் என்று குளத்தங்கரையில் நின்றார்கள். நாயகம் கேவலமென்று ஒதுக்கிய மவுஸை வலது கையால் பிடித்து, சுட்டியைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோனான். கை நடுங்கியது. ஏழு நாள் நூற்றுக்கு நூறு போட்ட கை, இப்போது வேண்டிய நேரத்தில் நடுங்கியது, சுட்டி செவ்வகத்துக்கு உள்ளேயும் வெளியேயும் துடித்தது. கடிகாரத்தில் பதினொன்று பதினைந்து, பதினாறு. படியில் உட்கார்ந்திருந்த மாடத்தி, அவசரமில்லை தம்பி, என் ஆடு எங்கேயும் போகாது என்று மெதுவாகச் சொன்னாள். நாயகம் கண்ணைத் திரையிலிருந்து எடுத்துத் திரும்பி வாசலைப் பார்த்தான். அன்றைக்கு அவள் நின்ற இடம் அது. பார்த்துக்கொண்டே இருந்தான். மனசில் போயிட்டு வாரேன் என்ற குரல் கேட்டது, அதை முழுதாகக் கேட்டு முடித்தான். அப்போது கை நின்றுவிட்டது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி இடது கையால் ஒட்டினான்.

நிழற்குடை நின்ற இடத்தில் நின்றது. அதன் கூரையிலிருந்து ஐப்பசி மழைத்தண்ணீர் மாசி வெயிலில் சொட்டியது. ஆடு கட்டிய கயிற்றில் அப்படியே நின்று அசைபோட்டது, அதன் வயிறு அப்படியே இருந்தது. பெஞ்சில் இடமிருந்து மூன்றாவது இடத்தில் சங்கரவடிவு, பாசிப்பச்சைச் சேலையில், பேருந்து வரும் திசையைப் பார்த்தபடி இருந்தாள்.

நூற்றுப்பத்து நாளில் கைகால் கழுவவும் கண்ணயரவும் தவிர நாற்காலியை விட்டு அதிகம் எழுந்திராத நாயகம் தள்ளாடிக்கொண்டே சாலையைக் கடந்து வந்து அவள் முன்னால் நின்றான். அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். அவன் முகம், கழுத்தெலும்பு, அழுக்கு வேட்டி எல்லாம் பார்த்தாள்.

"இப்பத்தான் உள்ள இருந்து 'ம்'முன்னு சொன்னீய" என்றாள். "அதுக்குள்ள தாடி எப்படி வளந்துட்டு?"

அவனுக்கு அழுகை வந்தது. எதையும் விளக்காமல் நோட்டை நீட்டினான். வடிவு வாங்கி நடுவில் பிரித்து, பென்சில் எழுத்தின்மேல் விரலை ஓட்டினாள், பெயர் பெயராகப் பார்த்துக்கொண்டே போனாள். ஒரு இடத்தில் விரல் நின்றது. மாடத்தி மதினிக்குக் கை இறக்கம் ஏழரை, நீங்க ஏழுன்னு எழுதியிருக்கீய என்றாள். பையிலிருந்து பென்சிலை எடுத்துத் திருத்தி, நோட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அதற்குள் பதினொன்று இருபது வண்டி வந்து நின்றது. ஓட்டுநர் பழக்கத்தில் இரண்டு தடவை ஹாரன் அடிக்கப் போனவர், பெஞ்சைப் பார்த்ததும் ஹாரனிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

வடிவு எழுந்தாள். ஊரே அவள் முகத்தைப் பார்த்தது. அவளுக்கோ அது தீபாவளி முடிந்து பத்து நாளும் ஆகாத காலைதான், எல்லார் ஜாக்கெட்டையும் பிரித்துத் தைத்த விரல் இன்னும் வலித்துக்கொண்டிருந்தது. படியில் ஒரு காலை வைத்துத் திரும்பி, போயிட்டு வாரேன் என்றாள்.

நாயகம் அவள் முகத்தைப் பார்த்து, "போயிட்டு வா" என்றான்.

வண்டி போயிற்று. சனங்கள் ஒருவர் பின் ஒருவராகக் கலைந்தார்கள், மாடத்தி ஆட்டை அவிழ்த்துக்கொண்டு போனாள், மில் மறுபடி ஓடத் தொடங்கியது. நாயகம் நிழற்குடையில் ஏறி, அந்த மூன்றாவது இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான், கை இரண்டும் மடியில் சும்மா இருந்தன. சாலையின் அந்தப் பக்கத்திலிருந்து ஜெபராணி குண்டூசி டப்பாவை ஆட்டிக் காட்டி, பொத்தானை மாட்டிவிடவா, சிஸ்டம் ஓடிக்கொண்டே இருக்கிறதே, என்ன செய்ய என்று கேட்டாள்.

"அணைச்சிரு" என்றான்.

சேத்தூரிலிருந்து திரும்பி வரும் அடுத்த வண்டி நாலு பத்துக்கு. அதில் வருவேன் என்று அவள் சொல்லவில்லை. அவன் அந்தத் திசையைப் பார்த்தபடி அங்கேயே இருந்தான்.